கிண்ணம் பிடித்தவன்

சனிக்கிழமை பிறந்தவன், அதனால் குவாம்.
கடலுக்கு அந்தப் பக்கம், என் அம்மாவின் ஊரில்
அப்படித்தான் பெயர் வைப்பார்களாம்.
டாக்டர் ஏனோஸ் வெதரிலின் கணக்குப் புத்தகத்தில்
குதிரைக்குக் கீழே, மருந்து உரலுக்கு மேலே
அந்தப் பெயர் இருக்கிறது. விலையோடு.

எனக்கு வேலை கிண்ணம் பிடிப்பது.
முழங்கை மடிப்பில் நரம்பைத் தட்டி எழுப்பி
அவர் கீறுவார்.
பத்து அவுன்ஸ் கோட்டைத் தொட்டதும்
நான் "ஆச்சு" என்பேன்.
கம்பளி வியாபாரி, பாதிரியார், சுங்க அதிகாரி,
ஒருமுறை, காய்ச்சலில், நான்.
எல்லோருடையதும் அந்தக் கோட்டுக்குத்தான் வந்தது.
இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

தொண்டை அடைப்பு வந்த பனிக்காலத்தில்
உறைந்த ஆற்றின் மேலேயே வண்டி ஓட்டினேன்.
ஒரே வீட்டில் ஐந்து பெட்டிகள்.
தச்சன் அளவு கேட்பதை நிறுத்தியிருந்தான்.
"எடுக்க எடுக்கச் சாகிறார்கள், குவாம்"
என்று கத்தியை உறையில் போட்டவர்
வசந்தம்வரை அதை வெளியே எடுக்கவில்லை.
பெருவிலிருந்து வந்த பட்டையை
விடிய விடிய இடித்தேன்.
ஆளுநரின் கடைசி மகள் அதில் பிழைத்தாள்.
ஆளுநர் ஊர்ப்படைத் தளபதிப் பட்டம் தந்தார்.
பின்னால், தேயிலைக்கு வரி என்று ஊர் கொதித்தபோது
அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

கொல்லனுக்குக் கழுத்தில் கட்டி.
கீறச் சொல்லி அழுதான்.
டாக்டர் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார்.
"பழுக்கட்டும்.
முந்தினால் விஷம் உள்ளே போகும்,
பிந்தினால் ஆளே போவான்."
அதே பெருவிரலை
ஊர்க்கூட்டத்தில், மன்னரின் ஆணை மீது வைத்தார்.
"பழுத்துவிட்டது" என்றார்.
கூரை அதிரக் கத்தினார்கள்.
நான் வாசலில் குதிரையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த மாதமே வீடு எரிந்தது.
வைத்தவன் யாரென்று ஊருக்கே தெரியும்,
மன்னரின் ஆள்.
மெகேதபேல் அம்மா குழந்தைகளோடு பனியில் நிற்க
நான் இரண்டு முறை உள்ளே போனேன்.
முதலில் மருந்துப் பெட்டி.
அடுத்து கணக்குப் புத்தகம்.
என் விலை எழுதிய பக்கத்தை
நானேதான் நெருப்பிலிருந்து தூக்கி வந்தேன்.

பிறகு தெற்கே, பதினெட்டு நாள் பயணம்.
பெரிய நகரம். பெரிய மண்டபம்.
வெயிலிலும் ஜன்னல்களைச் சாத்திவைத்தார்கள்.
ஈக்கள் மட்டும் போய் வந்தன.
அகப்பட்டால் தூக்கு என்று தெரிந்துதான்
அவர் கையெழுத்துப் போட்டார்.
அன்றிரவு விரலில் மை.
கழுவ, கிண்ணம் பிடித்தேன்.
தண்ணீர் கறுத்தது.
அவர் கை நடுங்கவில்லை. என்னுடையது நடுங்கியது.
ஏனென்று அப்போது புரியவில்லை.

மருந்துச் சீசாக்களின் மேல்தான் எழுத்துப் படித்தேன்.
கற்பூரம். அபினி. பாதரசம்.
அந்த எழுத்துகளையே கலைத்து அடுக்கி
பதினான்கு பேருக்காக ஒரு மனு எழுதினேன்.
அப்போது அவர் மாநிலத்துக்கே தலைவர்.
மேசையில் வைத்தேன்.
கடைசி வரிவரை வாசித்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும்.
மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.
தாளின் மேல் பெருவிரலை வைத்து அழுத்தினார்.

"இன்னும் பழுக்கவில்லை, குவாம்."

கட்டி யார் கழுத்தில் என்று
நான் கேட்டிருக்கலாம்.
விறகு பிளக்கப் போனேன்.

எட்டு ஆண்டுகள் கழித்து ஒரு பக்கம் விழுந்தது அவருக்கு.
வாய் கோணி, சொல் குழறிப்போனது.
அடுத்த ஊர் வைத்தியர் பனிக்கு அப்பால்.
நல்ல கையால் கத்தியை எடுத்து
என்னிடம் நீட்டினார்.

நரம்பைத் தட்டினேன்.
எழுந்தது.
கிண்ணம் பிடிக்க ஆளில்லை, முழங்காலில் இடுக்கிக்கொண்டேன்.
எவ்வளவு என்று அவரால் சொல்ல முடியவில்லை.
நானும் கேட்கவில்லை.
கோட்டைத் தொட்டதும் "ஆச்சு" என்று
எனக்கே சொல்லிக்கொண்டு கட்டினேன்.
என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிச்சின் மேல் பெருவிரலை வைத்து
அழுத்திப் பார்த்தேன்,
கொஞ்சம் அதிக நேரம்.